மூவாருக்கு அறுநூற்று நாற்பது கிலோமீட்டர்

கணவர் ஜஹாங்கீரின் கார் ரிவர்ஸில் கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டதும் சுலைஹா பரோட்டா மாவுக் கையோடு வீட்டின் பின்பக்கம் ஓடினாள். கையைத் துடைக்க நேரமில்லை. சைக்கிளில் ஏறினாள், மிதித்தாள். பின்சக்கரம் இரும்பு ஸ்டாண்டின் மேல், தரையைத் தொடாமல் சுழன்றது. மஃரிப் பாங்கு கேட்பதற்குள் மீட்டர் முப்பத்தொன்று காட்டியது. அன்று சிகாமட்டிலிருந்து மூவாருக்குப் போகும் சாலை முப்பத்தொரு கிலோமீட்டர் நீண்டது. ஜஹாங்கீருக்கு மட்டும். அதே சாலையில் போன டுரியான் லாரிக்கும், செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டருக்கும், பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் அது எப்போதும்போல் எண்பதாகவே இருந்தது.

சுலைஹாவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. சைக்கிள் வந்ததற்குக் காரணம் ஒரு கட்டில். மூவாரில் செய்த, ரோஜாப்பூ செதுக்கிய இரட்டைக் கட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை லாரியில் வந்து சிகாமட் வீட்டு வாசலில் நின்றது. வாங்கியவர் ஜஹாங்கீர். புது வீட்டு விலாசத்தை எழுத வேண்டிய இடத்தில், முப்பது வருடப் பழக்கத்தில் கை பழைய விலாசத்தை எழுதிவிட்டது. "புவான் ஃபாயிஸா வீடுதானே?" என்று டிரைவர் கேட்டார். ஆமாம் என்று சுலைஹா கையெழுத்துப் போட்டாள். ரசீதில் ஃபாயிஸா பேருக்குக் கீழே இருந்த போன் நம்பரை அழைத்து இருபது நிமிடம் பேசினாள். என்ன பேசினாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கட்டிலை அதே லாரியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கணவரின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு அனுப்பி, வாசல் நடைபாதையிலேயே பூட்டச் சொன்னாள். இரண்டு நாள் ஊர் ஜனம் அதில் சாய்ந்துகொண்டு தே தாரிக் குடித்தது. ஜஹாங்கீர் தாய்லாந்து எல்லையில் இரண்டாவது நிக்காஹ் முடித்து ஏழு மாதமாகிறது என்ற விவரத்தை ஊர் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தபடிதான் பேசி முடித்தது.

மூன்றாம் நாள், பினாங்கு நாகூர் தர்காவுக்குத் தனியாகச் சைக்கிளில் போய் முறையிடுவதாக சுலைஹா நேர்ந்துகொண்டாள். தர்காவின் கந்தூரி விழாவுக்கு ஐந்து மாதம் இருந்தது. கடை காலண்டரின் பின்பக்கத்தில் வழியை எழுதினாள்: கெமாஸ், தம்பின், சிரம்பான், தஞ்சோங் மாலிம், ஈப்போ, தைப்பிங், பட்டர்வொர்த், அப்புறம் தீவுக்குப் போகும் பெரிப் படகு. நெடுஞ்சாலையில் சைக்கிளை விடமாட்டார்கள் என்பதால் பழைய சாலைதான். மொத்தம் ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர். சைக்கிள் கடை ரூபேந்திரன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டைச் செய்து கொடுத்து, "போற தூரம் பூராவும் மொதல்ல வீட்லயே மிதிச்சுப் பாருங்க அக்கா. முட்டி தாங்குதான்னு தெரிஞ்சுரும்" என்றான்.

தப்பு அங்கேதான் நடந்தது. பயணம் புறப்படுமுன் மனசில் வைக்க வேண்டிய நிய்யத்தை, அந்த நேர்ச்சை உறுதியை, சுலைஹா கோபத்தில், பயிற்சிக்காக ஸ்டாண்டில் ஏறிய முதல் நாளே வைத்துவிட்டாள். மதரஸா ஹஜ்ரத் விஷயத்தைக் கேட்டுத் தாடியைத் தடவினார். "நிய்யத்து வச்சு மிதிச்சது ஒரு அடிகூட வீணாப் போவாதும்மா. நீங்க நகரல. அப்ப அந்தத் தூரம் வேற எங்கயாச்சும் போய்த்தானே ஆவணும்?" என்றார். நேர்ச்சையை முடித்தால் சாலை சுருங்குமா, அப்படியே நிற்குமா என்று கேட்டதற்கு, அது தர்காவில் அவள் என்ன கேட்கிறாள் என்பதைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு, தே ஓ வாங்கிக் குடித்துப் போனார்.

ஜஹாங்கீர் மூவாருக்குப் போகிற நாளாகப் பார்த்து சுலைஹா மிதித்தாள். இரண்டாம் மாதம் சாலை இருநூற்றுப் பத்தானது. நோன்பு மாதத்தில் முந்நூற்று எழுபது. புதிதாக முளைத்த பகுதியில் இரண்டு பக்கமும் பால் வெட்டாத ரப்பர் மரங்கள், தொழுவதற்கு ஒரே ஒரு சின்ன சூராவ், ஆளில்லாத ஒரு பெட்ரோல் பம்பு என்று ஜஹாங்கீர் கடையில் வந்து சொன்னார். யாரும் மறுக்கவில்லை. திரும்பி வரும்போது மட்டும் அதே எண்பதுதான். வீட்டுக்கு எப்போதும் ஒன்றே கால் மணி நேரத்தில் வந்துவிடுவார். ஒருமுறை ராஜசேகரனின் மீன் லாரியில் தொற்றிக்கொண்டு போனார். லாரி வழக்கமான நேரத்தில் மூவார் பாலத்தைத் தாண்டியது. ராஜசேகரன் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து சீட்டில் தொப்பி மட்டும் இருந்தது. "அலமாக், பாய எங்கயோ விட்டுட்டேன்" என்று அவர் கடைக்குப் போன் செய்தார். மறுநாள் மதியம் ஜஹாங்கீர் ரப்பர் காட்டிலிருந்து செருப்பில்லாமல் நடந்து வீடு வந்து சேர்ந்தார்.

கந்தூரிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மீட்டர் ஐந்நூற்று அறுபதைத் தொட்டது. ஜஹாங்கீர் ஒன்பது கிலோ இளைத்திருந்தார். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நானே பினாங்குக்குக் கார்ல கொண்டுபோய் விடுறேன் சுலைஹா."

"தனியாப் போறதாத்தாங்க நிய்யத்து."

"அங்க என்ன கேப்ப?"

"நாகூர் எஜமான்கிட்ட கேக்கப் போறத உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லேன். ஆம்பள செய்யாத தப்பா?"

சுலைஹா இறங்கி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டாள்.

அவள் ஒரு வெள்ளிக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினாள். தம்பினில் மழை. தஞ்சோங் மாலிமில் இரண்டு டயரும் பஞ்சர். சூராவ்களிலும் சொந்தக்காரர்களின் கடை மாடிகளிலும் தூங்கி, பதினோராம் நாள் பட்டர்வொர்த்தில் பெரி ஏறினாள். தர்காவில் போர்வை போர்த்தி, ஊதுபத்தி கொளுத்தி, ஒரே ஒரு வாக்கியம் கேட்டாள். அந்த நேரத்தில் ஜஹாங்கீர், சாலை இனி சுருங்கிவிடும் என்ற நம்பிக்கையில் அத்தர் பூசி, ஆட்டுக்கறிக் குருமாவோடு மூவாருக்குப் போய்க்கொண்டிருந்தார். எதிரில் ஒரு மைல்கல் முளைத்திருந்தது. வெள்ளைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. மூவார் 428 என்று எழுதியிருந்தது. அவர் அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு வந்திருந்தார்.

அதற்குப் பிறகு சாலை நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. ஜஹாங்கீர் வியாழக்கிழமை கிளம்புவார். கடைக்கு ஆளில்லாமல் போகிறதே என்று பாதியில் திரும்புவார். மூவார் எவ்வளவு தூரம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், உங்களுக்கா, பாய்க்கா என்று ஊரில் திருப்பிக் கேட்டார்கள்.

பினாங்கு போய் வந்த சைக்கிளை சர்வீஸுக்கு விட வந்த அன்றுதான் ரூபேந்திரன் அந்தப் பேச்சை எடுத்தான். "கோச்சுக்காதீங்க அக்கா. ரெண்டாம் கல்யாணம் இந்த ஊர்ல யாரும் செய்யாததா லா? அதுக்குப் போயி இவ்ளோ வன்மமா?"

"ரெண்டாம் நிக்காஹுக்கா மிதிச்சேன்?" என்றாள் சுலைஹா. "கட்டிலு வந்த அன்னிக்கு அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டேன். என் பேரச் சொன்னதும் கத்திருச்சு. 'லாத்தா, நீங்க மவுத்தாயிட்டீங்கன்னுல்ல சொன்னாரு'ன்னு அழுவுது. நான் செத்துட்டேன்னு சொல்லித்தான் கட்டியிருக்காரு. அவங்க வீட்டு ஆளுங்க நம்பணும்ல? என் நாப்பதாம் நாள் பாத்திஹாவ மூவாருலயே வச்சிருக்காரு. எழுபது பேரு. அந்தப் பொண்ணுதான் எனக்கு யாசீன் ஓதியிருக்கு."

ரூபேந்திரன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நெய்ச்சோறு அவ்ளோ மணமா இருந்துச்சாம். இருக்காதா பின்னே? மூவார்ல ஒரு மவுத்து வூட்டு ஆர்டர், நல்லா செய்யின்னு சொல்லி, என் கையாலதான்ப்பா அத ஆக்க வச்சாரு."