மேசைமேல் வைத்த வாய்

அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாக்கும் கையும் அவள் சொன்னபடி கேட்காதுதான். அதனால் என்ன? மின்சாரச் சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டியிருக்கும் திரையில் எழுத்து எழுத்தாகக் கண்ணை ஓட்டினால், அது அவளுக்காகப் பேசும். நிமிடத்துக்கு ஏழெட்டு வார்த்தை. அதற்குள்ளேயே அவளுக்கு வம்பளக்கவும் தம்பியின் மீசையைக் கிண்டல் செய்யவும் நேரம் இருந்தது.

ஒரே தொல்லை, திரையின் சார்ஜ். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. போன வாரம் ஒரு டியூஷன் சென்டரில் இயற்பியல் டீச்சர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கப் போனாள். காத்திருந்ததிலேயே சார்ஜ் தீர்ந்து, "மின்னோட்டம்னா" என்று தொடங்கியதோடு திரை கறுத்துவிட்டது. பொறுப்பாளர் அம்மாள் ரொம்ப நல்லவர். அந்த வாக்கியத்தை அவரே முடித்து, அவரே கைதட்டி, "அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாமே" என்றார். இன்னொரு தடவை என்றால் அதுதான் கடைசித் தடவை என்று அக்காவுக்குத் தெரியாதா?

தம்பி கார்களுக்கு வயரிங் செய்கிறவன். "இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? சேருக்கு அடியில ரெண்டு பேட்டரி இருக்கு. அதுலேர்ந்து ஒரு லைன் இழுத்துட்டா, நாள் பூரா நீ வாயாடலாம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவளைத் தூக்கி சோபாவில் உட்கார வைத்தான். திரையைக் கழற்றி, அணைத்து, மேசைமேல் வைத்தான். நாற்காலியைப் பிரித்தான். பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பகீரென்றது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டைக் கோத்து, இருபத்துநாலு வோல்ட்டில் ஓடுகிற நாற்காலி அது. தம்பியோ கார் பழக்கத்தில் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து வயரை இழுத்துக்கொண்டிருந்தான். ஒன்றின் தலையில் மட்டும் கூடுதல் வேலையைக் கட்டினால் அது இளைத்துப்போகும். அது இளைத்தால் நாற்காலியே படுத்துவிடும்.

கண்ணை இறுக மூடினாள். அந்த வீட்டில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம்.

வேலை மும்முரத்தில் தம்பிக்கு அது உறைக்கவில்லை. "தூக்கம் வருதா? இதோ ஆச்சு."

முறைத்தாள்.

"நன்றியெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்க்கா."

திரையைத் திரும்ப மாட்டியதும் அதில் சார்ஜ் ஏறுகிற பச்சை விளக்கு எரிந்தது. தம்பியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சொல்ல மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கும் என்று கணக்குப் போட்டாள். அவள் கணக்குத் தப்புவது அபூர்வம், அன்றைக்குத் தப்பியது.

வியாழக்கிழமை மாலை, கடைத்தெருவில் நாற்காலி நின்றுவிட்டது. அவ்வளவு கனத்தையும் அவளோடு சேர்த்து நாக்குத் தள்ள வீடுவரை தள்ளிவந்தான் தம்பி. மீட்டரை வைத்துப் பார்த்தான். ஒரு பேட்டரியில் பன்னிரண்டரைக்கு மேல். மற்றதில் பதினொன்றுகூட இல்லை. அவன் முகம் செத்துப்போயிற்று.

"இது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றது திரை.

"அப்ப ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீதான் என் வாயக் கழட்டி மேசைமேல வச்சுட்டியே."

அவன் மீட்டரைக் கீழே வைத்தான். அவள் விடவில்லை. "திரும்ப மாட்டினப்பவாவது நான் சொல்லியிருக்கணும். உன் மூஞ்சியப் பாத்து விட்டுட்டேன். அது என் தப்பு."

மறுபடி நாற்காலியைப் பிரிக்க வேண்டும். பழக்கதோஷத்தில் அவன் கை திரையை அணைக்கப் போனது.

"கைய எடு."

எடுத்தான். திரையை அதன் சொந்த சார்ஜிலேயே விட்டு, ஸ்டூலில் புத்தகங்களை அடுக்கி, அவளைத் தூக்கிச் சோபாவில் உட்கார வைத்து, அவள் கண்மட்டத்துக்கு நிறுத்தினான். அதற்கப்புறம் அக்கா ராஜ்யம்தான்.

"ரெண்டுக்கும் சேத்து, இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கு எடு. நடுவுல இருபத்துநால பன்னிரண்டாக்குற பெட்டி ஒன்னு வேணும். லாரிக்குப் போடுவியே, அது."

"அடச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். "வாரத்துக்கு ரெண்டு மாட்டுறேன்."

"ஃப்யூஸ்?"

"போடாம விடுவனா?"

"போட்டதக் காட்டு."

காட்டினான். இளைத்த பேட்டரியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தனியாகச் சார்ஜ் ஏற்றி, காலையில் கொண்டுவந்து பூட்டினான்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் இருபது பிள்ளைகள். கடைசி பெஞ்சில் தம்பி. பொறுப்பாளர் அம்மாள் சுவரோரம். அக்கா எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்: "ரெண்டு பேட்டரியக் கோத்திருக்கு. ஒருத்தர் ஒன்னுலேர்ந்து மட்டும் கரண்ட் எடுக்கறார். என்ன ஆகும்?"

"அது மட்டும் சீக்கிரம் தீந்துடும் மிஸ்!" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. "ஆனா இவ்வளவு மோசமான தப்ப யாரு பண்ணுவாங்க?"

தம்பி குனிந்து செருப்பைப் பார்த்தான்.

"பாசக்காரங்க பண்ணுவாங்க" என்றது திரை.

பிள்ளைகள் சிரித்தார்கள். தம்பி நிமிரவில்லை, ஆனால் மீசை துடித்தது. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. மணி அடித்தது. அக்கா, "அதனால மின்னோட்டம்னா" என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். பொறுப்பாளர் அம்மாள் பாவம், உதவுகிற நினைப்பில் எழுந்தார். "அதாவது பசங்களா, மின்னோட்டம்னா..."

திரையின் மூலையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் அவள் கண் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது.

"நான் இன்னும் முடிக்கல."

அம்மாள் உட்கார்ந்தார். மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளைகூடப் பையைத் தொடவில்லை.