மெஷின் ஓடும் சத்தம்

தையல்காரனுக்கு வாய்தான் பெரிது, நெஞ்சு சின்னது. எதிரில் இருப்பவர் பாதி வார்த்தை பேசுவதற்குள் மீதியை வெட்டித் தானே பேசிவிடுவான் என்று நண்பர்கள் அவனுக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். விரலில் ஊசி ஏறினால் ரத்தத்தைப் பார்க்க மாட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு விரலைச் சப்புகிற ஆள். அப்படிப்பட்டவனிடம் போய்த்தான் அவன் நண்பனான பஸ் டிரைவர் தன் அப்பாவை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. வீட்டில் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவசரத்துக்குக் கூப்பிட்டதும் கடையைச் சாத்திவிட்டு வந்தவன் கத்திரி ஒருவன்தான்.

"ரிப்போர்ட்டை டாக்டர்கிட்ட காட்டிட்டு, மருந்து வாங்கிட்டு ஓடி வந்துடறேன்டா. அப்பா தூங்குவாரு. நீ சும்மா உட்கார்ந்திரு, போதும்."

"சும்மா உட்கார்றதுதான்டா எனக்கு வராது. ஏதாவது ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆகாது. கரண்ட் போனா மட்டும் இந்தக் குழாயை மெஷின்லேருந்து கழட்டி, சிலிண்டர்ல மாட்டி, சாவியைத் திருப்பு. அவ்வளவுதான்."

டிரைவர் சாவியால் சிலிண்டரைத் திறந்து, காற்று சீறுவதைக் காட்டி, மறுபடி மூடினான். செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போனான்.

அப்பா கட்டிலில் சாய்ந்தபடி கண்ணை மூடியிருந்தார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். ஒரு காலத்தில் அவர் விசில் ஊதினால் ஓட்டுநர்கள் குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்களாம். இப்போது நுரையீரல் இரண்டும் கைவிட்டுவிட்டன. மூக்கில் குழாய், தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின். அது நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருந்தது. கத்திரிக்கு அந்தச் சத்தம் முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதை நம்பியே உட்கார்ந்திருந்தான்.

"நீ தச்ச பேண்ட்..." என்றார் அப்பா திடீரென்று, கண்ணைத் திறக்காமல். "கணுக்கால்... தெரிஞ்சுது."

"அது பத்து வருஷத்துக் கதைப்பா. இன்னும் மறக்கலையா நீங்க? எழுந்து வாங்க, தரையைக் கூட்டுற மாதிரி ஒண்ணு தச்சுத் தரேன்."

அவர் உதடு சிரிப்பதற்குப் புறப்பட்டது. அதற்குள் மெஷின் நின்றது.

மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. வீடே வாயைப் பொத்திக்கொண்டதுபோல் ஆனது. அப்பா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். கத்திரி பதறி எழுந்தான். ஆனாலும் கை சொன்னதைக் கேட்டது. குழாயைக் கழற்றி, சிலிண்டரில் மாட்டிவிட்டான். சாவிக்குக் கை நீட்டினான். சாவி இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தான். ஜன்னல் திட்டில், மருந்துப் பெட்டியில், தலையணைக்குக் கீழே. எங்கும் இல்லை. அப்போதுதான் புரிந்தது. வண்டியை விட்டு இறங்கினால் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுப் பழகிய டிரைவரின் கை அது! சிலிண்டரை மூடியதும் தன்னையறியாமல் அதையும் உருவிக்கொண்டு போய்விட்டது.

விரலால் திருகினான். துணி சுற்றித் திருகினான். பாவி வால்வு அசைந்தால்தானே. அப்பாவின் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கின, உதடு நிறம் மாறத் தொடங்கியது. ஏதோ கேட்க நினைத்தார், வார்த்தை வரவில்லை. தன் கையிலேயே இந்த உயிர் போய்விடப்போகிறது என்று கத்திரிக்குத் தோன்றியது. அவ்வளவு தூரம் அவன் வாழ்நாளில் பயந்ததில்லை.

"இதோப்பா, இதோ, ஒண்ணும் இல்ல," என்று உளறிக்கொண்டே டிரைவரின் எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. எடுக்கவில்லை. பக்கத்து வீட்டைத் தட்டலாம், யாரிடமாவது குறடு இருக்கும் என்று வாசல் கதவைத் திறந்தான்.

டிரைவரின் போன் அங்கேயே அடித்துக்கொண்டிருந்தது. கதவுக்கு நேர் கீழே, மாடிப்படியில்.

நெரிசலில் பஸ்ஸை நெளித்து வளைத்து ஓட்டிப்போகிறவன், பேயறைந்தவன்போல் படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் மருந்துப் பை. கையில் சிலிண்டர் சாவி. லிஃப்ட் நின்றதைப் பார்த்துவிட்டு அத்தனை மாடியும் ஓடி ஏறியிருக்கிறான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கடைசி நான்கு படி மட்டும் பாக்கி.

 கத்திரி சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினான். திருப்பினான். காற்று சீறியது. அப்பாவின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "இழுங்கப்பா, மெதுவா இழுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வெகுநேரத்துக்குப் பின் தோள்கள் அடங்கின. உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது.

"அவன்... எங்கே?" என்றார்.

"வந்துட்டான்பா. மாடி ஏறின களைப்பு."

வெளியே வந்தபோது டிரைவர் அசையாமல் அங்கேயே இருந்தான். ஓங்கி ஓர் அறை விடும் ஆத்திரத்தோடுதான் கத்திரி படியிறங்கினான்.

"இருக்காராடா?" என்றான் டிரைவர், நிமிராமல்.

"இருக்காரு. உன்னைக் கேக்கறாரு. அறிவு இருக்காடா உனக்கு? சாவியைக் கையில வச்சுக்கிட்டு இங்க உட்கார்ந்திருக்கே?"

"தினமும் டூட்டி முடிஞ்சு வந்தா முதல்ல கதவுல காதை வைப்பேன்டா. மெஷின் சத்தம் கேட்டாத்தான் உள்ளே போவேன். இன்னிக்கு இந்தப் படிக்கு வந்தும் கேக்கல, சிலிண்டர் சாவியும் என் கையில." மருந்துப் பையை மடியோடு அழுத்திக்கொண்டான். "போயிட்டாருன்னே நினைச்சுட்டேன். திறந்து பார்க்கக் கால் வரல. பெத்த அப்பன்டா... கால் வரலடா."

கத்திரியின் ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். 

"இனிமே நீ காது வைக்காதே," என்றான். "கடையைச் சாத்திட்டு உனக்கு முன்னாடி நான் வந்துடறேன். தினமும். கதவை நான் திறக்கறேன்."

"நீயாடா? நீ பயந்தாங்கொள்ளியாச்சே."

"ஆமா. இப்ப என்னங்கறே?"

சொன்ன பிறகுதான் அதன் கனம் உறைத்தது. என்றாவது ஒரு நாள், சத்தம் இல்லாத அந்த வீட்டிலிருந்து கதவைத் திறந்து, டிரைவரின் முகத்தைப் பார்த்து, அப்பா போய்விட்டார் என்று கத்திரிதான் சொல்லியாக வேண்டும்.  சொன்னதை வாபஸ் வாங்கும் வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. வாங்கவில்லை. டிரைவரைக் கைபிடித்து எழுப்பி, அந்த நான்கு படியையும் ஏற்றி, அப்பா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.