ஒரு விக்கெட்டுக்கு எத்தனை புள்ளி

இரத்தினசிங்கம் காலையிலிருந்து மூன்று தடவை தேநீர் கேட்டு, மூன்றையும் ஆறவிட்டார். பின்னேரம் நான்கு மணிக்கு மாவட்ட லீக்கின் பரிசளிப்பு. சிறந்த சகலதுறை வீரர் யார் என்று முடிவெடுக்கும் வேலையை, இருபது வருடம் நடுவராக நின்ற மனிதர் என்று சொல்லி, சங்கத்தார் அவர் தலையில் கட்டிவிட்டிருந்தார்கள்.

மேசையில் மூன்று பேருடைய கணக்குக் கிடந்தது. உப்புவெளிக் கஜீபன் 312 ஓட்டம், நான்கு விக்கெட். மூதூர் றுமைஸ் 71 ஓட்டம், பதினேழு விக்கெட். கிண்ணியா ஸப்வான் 208 ஓட்டம், பன்னிரண்டு விக்கெட். ஓர் ஓட்டத்துக்கு ஒரு புள்ளி. அதில் சண்டை இல்லை. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை? பத்துப் போட்டால் கஜீபன் வென்றான். முப்பது போட்டால் றுமைஸ். இருபது போட்டால் ஸப்வான். இதென்ன கோதாரிக் கணக்கு என்று பேனையை எறிந்தார்.

இருபதுதான் நியாயம் என்று மனம் சொன்னது. அந்த மனத்தைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், இறுதிப் போட்டியில், ஸப்வான் நாற்பத்தொன்பதில் நின்றபோது எல்.பி.டபிள்யூ என்று விரலைத் தூக்கியவர் இவர். பந்து காலில் படமுன் துடுப்பில் பட்ட சத்தம் காதில் விழுந்தது; துடுப்பில் பட்டால் அவுட் இல்லை. விழுந்தும் விரல் மேலே போய்விட்டது. போன விரலை இறக்கத் தைரியம் வரவில்லை. கிண்ணியா தோற்றது. அன்று தொட்டு ஸப்வான் இவரைக் கண்டால் மற்றப் பக்கம் பார்ப்பான். நடந்ததை இரத்தினசிங்கம் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவ்வளவு வெட்கம்.

இப்போது கிண்ணத்தை அவனுக்குக் கொடுத்தால் அது பழைய பிழைக்குப் பூசும் மருந்து ஆகிவிடாதா? அதற்குப் பயந்து கொடுக்காமல் விட்டால் இரண்டாம் முறையும் அநியாயம். வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது, அதற்கும் எரிச்சல்பட்டார்.

கடைசியில் மூன்று துண்டுகளில் பெயரில்லாமல் கணக்கை மட்டும் எழுதிக்கொண்டு குசினிக்குப் போனார். மனைவி புஷ்பவதிக்குக் கிரிக்கெட் என்றால் வெயிலில் நின்று கறுக்கும் விளையாட்டு, அவ்வளவுதான். மீன் வெட்டிய கையைத் துடைத்துவிட்டு, எந்த எண் துடுப்பு, எந்த எண் பந்து என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

"இந்த ஆள் பந்து போடாட்டியும் ஒண்டும் குறையாது. இவர் துடுப்பைத் தொடாட்டியும் அப்பிடித்தான்," என்று இரண்டு துண்டுகளைத் தள்ளினார். "இவர் எதை விட்டாலும் மற்றவைக்கு இழுபறிதான். இதுக்குப் போய் ஏன் காலமை துவக்கம் வீட்டை அளக்கிறியள்?"

கையில் இருந்தது ஸப்வானின் துண்டு. இரத்தினசிங்கத்துக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. முழுதாக இறங்கவில்லை.

மைதானத்தில் அவர் ஸப்வானின் பெயரை வாசித்ததும் கிண்ணியாப் பக்கம் கைதட்டல் எழும்பியது. ஸப்வான் மேடைக்கு வந்தான். கிண்ணத்தில் கைவைத்தவன் அதை வாங்கவில்லை.

"சேர், இது அண்டைக்குக் குடுத்த எல்.பி.க்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஒலிவாங்கி இன்னும் இரத்தினசிங்கத்தின் கையில்தான் இருந்தது. அதை இறக்கலாம் என்று நினைத்தார். இறக்கவில்லை.

"இல்லைத் தம்பி. இது இந்த வருசம் நீங்கள் விளையாடினதுக்கு. அண்டைக்கு நீங்கள் அவுட் இல்லை. அதுக்குத் தர என்னட்ட ஒண்டும் இல்லை."

மைதானம் முழுக்கக் கேட்டது. கைதட்டல் நின்றுவிட்டது. முன்வரிசையில் சங்கத் தலைவர் கதிரையை விட்டு அரைவாசி எழும்பினார்.

"துடுப்பில பட்ட சத்தம் உங்களுக்கும் கேட்டதா?" என்றான் ஸப்வான்.

"ஓம். கேட்டது."

ஸப்வான் கிண்ணத்தை வாங்கினான். உடனே இறங்கிப் போகவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு, அவர் முகத்தை நேரே பார்த்துக்கொண்டு நின்றான்.