கடல் தெரியும் லெப்டொப்

றிபா ஒரு கடலைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி அல்ல. காவின் எழுதிக் கல்யாணத்தைப் பதிந்த கையோடு மாப்பிள்ளை அர்ஹம் கட்டாருக்குத் திரும்பிப் போனானே, அன்றிலிருந்து வந்த எல்லா வெள்ளிக்கிழமையும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடிக்கலாம் என்பார்கள். முடித்த பிறகும் சொல்லலாமா என்பதை மட்டும் அந்தப் புண்ணியவான்கள் சொல்லாமல் போய்விட்டார்கள், என்ன செய்வது!

கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்பக்கத்துக் காரியம். றிபாவின் வாப்பா அப்துல் ஹமீட் கட்டிய வீடு கூரையோடு நின்றிருந்தது. நிலத்துக்குக் கல் பதிக்காத வீட்டில் மாப்பிள்ளை வந்து எப்படிக் குடியேறுவது? ஆகவே அர்ஹம் பறந்துவிட்டான். போகுமுன் அவளுடைய பழைய லெப்டொப்பில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். தூரத்தில் இருக்கிற இரண்டு பேர் ஒரே நிலத்தில் இறங்கி, மரம் வெட்டி, கல்லுடைத்து, வீடு கட்டி வாழ்கிற விளையாட்டு அது.

"எங்கட ஊரில ஒரு ஆம்பிளையும் பொஞ்சாதிக்கு வீடு கட்டினதில்ல புள்ள. நான் கட்டுறன், பாரு," என்றான்.

கட்டினான். அலைச்சத்தம் கேட்கிற ஒரு மேட்டில், பெரிய பெரிய யன்னல் வைத்து, முன்னால் விறாந்தை இறக்கி, ஆசை ஆசையாகக் கட்டினான்.

முதல் வெள்ளி. ஜும்ஆ முடிந்து அவனுக்கு ஓய்வு. இங்கே அஸர், பின்நேரத் தொழுகை நேரம். ஹெட்போனில் அவன் குரல் வந்தது.

"விறாந்தைக்கு வா றிபா. கடல் தெரியுதா?"

வந்தாள். பாவம், அந்த லெப்டொப் கம்பஸில் கட்டுரை எழுத வாங்கியது. படத்தின் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தால்தான் அது விளையாட்டையே திறக்கும். விறாந்தைக்கு முன்னால் கொஞ்சம் புல் தெரிந்தது. தரம் குறைந்ததால் அதற்கப்பால் எல்லாம் வெண்புகை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நின்றாள். அலைச்சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. அவன் குரலில் இருந்த ஆசையைக் கேட்டபின் இல்லை என்று சொல்ல எந்தப் பாவிக்கு மனம் வரும்?

"ஓம் மச்சான், தெரியுது."

"என்ன நிறம்?"

"பச்சையாக் கிடக்கு. ஒரு தோணியும் வருது," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்.

"ஓம், ஓம்! அந்தத் தோணி," என்றான் அவன்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அல்லாவே, குருட்டுவாக்கில் விட்ட தோணி உண்மையிலேயே அங்கே வருகிறதா!

அன்று தொட்டு, ஒவ்வொரு வெள்ளியும் அவன் கேட்பான், அவள் சொல்வாள். இண்டைக்கு அலை பெரிசு. இண்டைக்குத் தண்ணி நீலம். கல்முனைக் கடற்கரையில் கண்டதையெல்லாம் எடுத்து எடுத்து அந்தப் புகைக்குள் வைத்தாள். நாளடைவில் அந்தக் கடல் அவளுக்குப் பழகிப்போனது. மீன் கழுவிக்கொண்டு நிற்கையில் வரும். துணி காயப்போடுகையில் கொடிக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்தத் தோணியில் அவனும் அவளும் இருப்பார்கள். அவன் துடுப்பை வைத்துவிட்டு அவளைப் பார்ப்பான். தோணி தன்பாட்டில் போகும். சோறு அடிப்பிடித்த நாட்களும் உண்டு.

கனவு கலைகிற நாளும் வந்தது. நிலத்துக்குக் கல் பதித்தாயிற்று.

"அடுத்த மாசம் வாறன், இன்ஷா அல்லாஹ்," என்றான் அர்ஹம். "வந்து பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்து, உன்ட லெப்டொப்பிலயே ரெண்டு பேரும் கடல் பாப்பம்."

அவன் வந்து அந்தத் திரையைப் பார்த்தால்? இத்தனை வெள்ளியும் புகையைப் பார்த்துக்கொண்டா கதை அளந்தாய் என்று கேட்டால்? ஒரே கூரைக்குள் வாழ வருகிறவனை முதல் நாளே பொய்க்காரியாகவா வரவேற்பது? அவன் வருமுன் கடல் தெரிகிற ஒரு லெப்டொப் வாங்கியே ஆகவேண்டும்.

கல்முனை பசாரில் லெப்டொப் கடையில் நிற்பவள் தர்சிகா, பாண்டிருப்புக்காரி. றிபாவின் கை நேரே ஒரு மெல்லிய வெள்ளிநிற லெப்டொப்புக்குத்தான் போனது.

"அது வடிவுதான் அக்கா. ப்ரொசெசரும் இந்த வருஷத்துது. ஆனா கிராபிக்ஸ் காட் சின்னன்," என்ற தர்சிகா, கீழ்த்தட்டிலிருந்து கறுப்பாக, தடிப்பாக ஒன்றைத் தூக்கி வைத்தாள். "இது அதே விலை. ப்ரொசெசர் போன வருஷத்துது, நடுத்தரம். காட் பெரிசு."

"புது ப்ரொசெசர்தானே நல்லம்?"

"சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தும் என்ன? சோத்துச் சஹன் தட்டைத் தூக்கிக்கொண்டு வர ஆளில்லாட்டி உங்களுக்குச் சோறு வருமா? மரம் வளர்றது, மிருகம் நடக்கிறது எல்லாம் ப்ரொசெசர்ட கணக்கு. அதைக் கண்ணுக்குக் கொண்டு வாறது காட். நூறு பேர் சேந்து ஆடுற கேம் எண்டா நானே ப்ரொசெசரைப் பாருங்க எண்டுதான் சொல்லுவன். நீங்க எத்தின பேர்?"

"ரெண்டு பேர்."

"என்ன வேணும் அதுக்குள்ள?"

றிபாவின் முகம் சிவந்துவிட்டது. "தூரம் தெரியோணும். கடல்."

தர்சிகா சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை.

"அப்ப இதுதான் அக்கா. ஒரே பேரில ரெண்டு காட் வரும், ஏமாந்திராதீங்க. மெல்லிசு லெப்டொப் சூடாகும் எண்டு காட்டுக்குக் கரண்டைக் குறைச்சுத்தான் குடுப்பாங்க. இது தடிப்பு, முழுசாக் குடுக்கும். ஆனா காத்தாடி கத்தும்."

"கத்தட்டும்," என்றாள் றிபா.

கத்தியது. "என்னகா இது, அரிசி மில்லையா வீட்டுக்குள்ள கொண்டந்திருக்கா?" என்று குசினியிலிருந்து கேட்டாள் உம்மா.

வெள்ளிக்கிழமை. விளையாட்டு திறந்தது. புகை இல்லை. யா அல்லாஹ், அந்த வீடு! மரச் சுவரில் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. யன்னல் ஓரத்தில் அவன் செதுக்கி வைத்திருந்த சின்னப் பூக்களை இன்றைக்குத்தான் கண்டாள். விறாந்தைக்கு ஓடினாள்.

கல். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் மொட்டைக் கல்லும் பட்ட மரங்களும். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"இண்டைக்குக் கடல் எப்பிடி றிபா?" என்றான் அர்ஹம்.

திரும்பி வீட்டைச் சுற்றி ஓடினாள். அங்கே, யன்னலே இல்லாத பின்சுவருக்கு அப்பால், மேட்டின் கீழே கிடந்தது கடல். அந்த உலகத்துப் பொழுது அதற்குள்ளேதான் சாய்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் விளங்கியது. கல்முனையில் பிறந்தவனுக்குக் கடல் எந்தப் பக்கம்? சூரியன் உதிக்கிற பக்கம். வேறு பக்கம் உண்டா? அலைச்சத்தம் கேட்டிருக்கிறான், வெளிச்சம் எழுகிற பக்கம் முகம் வைத்துக் கட்டியிருக்கிறான். அவனும் புகைக்குள்தான் நின்றிருக்கிறான். நிறம் என்ன, அலை பெரிசா என்று வெள்ளிக்கு வெள்ளி கேட்டது கொஞ்சலுக்காக அல்ல, தெரியாமல்!

பொய்க்காரன்! கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே வடிந்தும் போனது. தோணியை விட்டது யாராம்?

இப்போதும் "நீலமாக் கிடக்கு" என்று சொன்னால் போதும், எல்லாம் பழையபடி இனிமையாக இருக்கும். நாக்கு நுனிவரை வந்தது அந்தச் சொல்.

"மச்சான், கடல் அங்க இல்ல," என்றாள்.

"அப்ப எங்க?" என்றான் அவன், தொலைந்த பிள்ளையின் குரலில்.

"வீட்டுக்குப் பின்னுக்கு. எனக்கும் இவ்வளவு நாளும் ஒண்டும் தெரியல்ல. பொய்தான் சொன்னன். இண்டைக்குத்தான் புது லெப்டொப்பில பாக்கிறன்."

"என்ட நல்ல லெப்டொப் வந்த கிழமையே மண் அடைச்சுச் செத்துப்போச்சு புள்ள. இது ரூம்காரன்ட ஓட்டை லெப்டொப். நீயாவது பாக்கிறாய் எண்டு நினைச்சன்." பிறகு, "தோணியும் இல்லையா?" என்றான்.

"இல்ல."

"நான் அதுக்குப் பேரெல்லாம் வச்சிருந்தன்."

றிபாவுக்குக் கண் நிறைந்தது. விளையாட்டில் மரம் வெட்டுகிற கோடரியை எடுத்தாள், வீட்டுக்குள் போய்ப் பின்சுவரில் ஓங்கி வெட்டினாள். பலகை பலகையாக விழுந்தது. சிவந்த வெளிச்சம் வீடு முழுக்க வந்து நின்றது.

"என்ன சத்தம்? என்ன தெரியுது? உள்ளதைச் சொல்லு."

"தண்ணி கொஞ்சம் கறுப்பு. அலை எங்கட ஊர் அலை மாதிரி இல்ல, ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வருது. சூரியன் கடலுக்குள்ள இறங்குது மச்சான். பாதி தாண்டு போச்சு."

"கடலுக்குள்ளயா?"

"ஓம்."

"பொய் சொல்லாத புள்ள," என்றான் அர்ஹம்.

இத்தனை வெள்ளியும் அவள் சொன்ன பொய்யை ஒன்றுவிடாமல் நம்பியவன்!

"வல்லாஹி, சத்தியமா மச்சான்," என்றாள் றிபா, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர. "சுறுக்கா வாங்க. வந்து பாருங்க."