வெறுங்கண்ணால் பார்த்தது

என் மனைவியின் தங்கையை நானே போட்டியிலிருந்து வெளியேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு முன்பே மைதானத்திலிருந்து திரும்பியிருந்த மனைவி கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள்.

“ஒரு காலாவது தரையில இருக்கா? அப்போ உள்ள வரலாம்.”

வார நாட்களில் கூரியர் அலுவலகத்தில் பார்சல் எடை போடுகிறேன். விடுமுறை நாட்களில் வேகநடைப் போட்டிக்கு நடுவர். ஒலிம்பிக் விளையாட்டுகளில் இதைப் போலக் கேலிக்கு ஆளானது வேறு இருக்காது. ஓடக் கூடாது; எப்போதும் ஒரு காலாவது தரையில் பட்டிருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து வீடியோவைப் பார்த்தால் ஒலிம்பிக் வீரர்கள் பலர்கூட ஒவ்வொரு அடியிலும் நொடியில் ஒரு துளி நேரம் அந்தரத்தில்தான் இருப்பார்கள். ஆனால் விதிப்படி கேமரா செல்லாது. நடுவரின் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால்தான் தப்பு. என் கண்ணை நம்புகிற ஒரே இடம் உலகத்தில் அதுதான்.

அன்று வரவேண்டிய நடுவர் ஒருவருக்குக் காய்ச்சல். “என் மச்சினி நடக்கிறா சார், வேற யாரையாவது போடுங்க” என்றேன்.

“வேற ஆளுக்கு எங்க போறது? நீங்கன்னா இன்னும் கறாரா பாப்பீங்க. போய் நில்லுங்க” என்றார் தலைமை நடுவர்.

நின்றேன். முதல் இரண்டு பேர்தான் தேசியப் போட்டிக்குத் தேர்வாவார்கள். மச்சினி இரண்டாவதாக, முதல் பெண்ணின் முதுகோடு ஒட்டியபடி வந்தாள். நான் நின்ற வளைவில் அவளது இரண்டு கால்களும் மேலே எழும்பின. சிவப்பு அட்டை எழுதிக் கொடுத்தேன். மூன்று நடுவர்கள் தனித்தனியே அட்டை கொடுத்தால் ஆள் வெளியே. ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது எனக்குத் தெரியாது. முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவளை நிறுத்தினார்கள். மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவள் அவளைத் தாண்டிப் போனாள்.

சாப்பிடும்போது மனைவி ஆரம்பித்தாள். “பிரிட்ஜுல மூஞ்சிக்கு நேரா இருக்கிற பால் தெரியாது. என் தங்கச்சி காலுக்கும் தரைக்கும் நடுவுல இருந்த காத்து மட்டும் தெரிஞ்சுதாக்கும்!”

பேச்சை மாற்றப் பார்த்தேன். “ஒலிம்பிக்ல ஒரு காலத்துல கயிறு இழுக்கிறதுக்கு மெடல் குடுத்தாங்க, தெரியுமா? படம் வரையறதுக்குக்கூட. ஒரு வருஷம், தண்ணியில பாய்ஞ்சிட்டு கைகால அசைக்காம யார் ரொம்ப தூரம் மிதந்து போறாங்கன்னு ஒரு போட்டி.”

“சும்மா கிடக்கிறதுக்கு மெடலா? அடடா, அப்போ பொறக்காம போயிட்டீங்களே.”

“சரி, நான் பண்ணது தப்பா, சொல்லேன்.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மைதானத்தில் தானே போனில் எடுத்த வீடியோவை, தங்கை குற்றமற்றவள் என்று நிரூபிக்க மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அழித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

மாமனாரிடம் போனில் கேட்டேன். “விதின்னா விதிதானே மாப்பிள்ளை” என்று வைத்துவிட்டார். தலைமை நடுவரோ “பிரமாதம் சார், சொந்தக்காரின்னுகூட பாக்கலையே!” என்றார். அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

மறுநாள் மாலை மாமனார் வீட்டுக்குப் போனேன். மச்சினி மாடிப்படியில் உட்கார்ந்து, குதிகால் கொப்புளத்துக்கு பிளாஸ்டர் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாங்க மாமா. படியில இறங்கறதுக்கும் அட்டை உண்டா?”

இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். “நான் பண்ணது தப்பான்னு யாருமே சொல்ல மாட்டேங்குறாங்க. நீயாவது சொல்லிடு. திட்டணும்னா திட்டு.”

பிளாஸ்டரின் ஓரத்தை அழுத்தி ஒட்டினாள். “நான் தூக்கினேன் மாமா. அந்த வளைவுல நல்லாவே தூக்கினேன்.”

எனக்கு மூச்சு வந்தது.

“எனக்கு முன்னாடி போனாளே, அவ ஷூ என்ன கலர்?”

யோசித்தேன். ஷூ என்ன, அந்தப் பெண்ணுக்குக் கால் இருந்ததாகக்கூட ஞாபகம் வரவில்லை.

“அவளும் தூக்கினா. ஒவ்வொரு சுத்துலயும், உங்க மூக்குக்கு நேரா. நான் பின்னாடியே வந்தேன், எனக்குத் தெரியாதா? சொந்தக்காரிக்கு விட்டுக்குடுத்தான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு, நீங்க என்னை மட்டும்தான் பாத்துக்கிட்டு நின்னீங்க. ஆமா மாமா, தப்புதான்.”