தேவகியின் சாயங்காலக் காய்ச்சல்

பெரிய காஞ்சிபுரத்தில் அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையின்போது, சாயக்காரர் வீராசாமியின் மனைவி தேவகிக்கு வந்த காய்ச்சலில் தெருவிலிருந்த பட்டு நூலெல்லாம் காய்ந்தது. காய்ச்சல் தினமும் சாயங்காலம் ஏறும். அவள் படுத்திருந்த உள் அறை சித்திரை வெயிலில் கிடந்ததுபோல் கொதிக்கும். முதலில் அதை யாரும் கவனிக்கவில்லை. காசநோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே மாமியார் ஜெயம்மாள் அவளுக்குத் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்து, வெளியே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒருநாள் வேறு இடமில்லாமல் வீராசாமி அரக்குச் சாயம் போட்ட நூலை அந்த அறையில் குறுக்கே கட்டியிருந்த மூங்கிலில் மாட்டிவிட்டுப் போனார். விளக்கு வைப்பதற்குள் அது திட்டில்லாமல் ஒரே நிறமாகக் காய்ந்திருந்தது.

அடுத்த வாரமே பக்கத்துத் தெருச் சாயக்காரர்களும் ஈர நூலோடு வந்தார்கள். சூடு வீணாகக் கூடாதென்று ஜன்னலை அடைத்து, சந்துகளில் சாக்கைத் திணித்தார்கள். தனித் தட்டு சமையலறைக்குத் திரும்பியது. ஜெயம்மாள் கட்டிலருகிலேயே உட்கார்ந்து, நூலைத் திருப்பிப் போட்டபடி ஊர்க்கதை பேசினார். அதில் மாகறல் கிராமத்துக்காரி ஒருத்தியின் கதை மட்டும் முடியாமல் நாள்கணக்கில் நீண்டது. நடுவில் மருமகளுக்குக் கால்கூடப் பிடித்துவிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் தேவகியிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

ஆஸ்பத்திரி ஊழியர் அந்தோணி சைக்கிளில் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார். மாத்திரை வேலை செய்தது. கார்த்திகை பிறந்தபோது காய்ச்சல் இறங்கி, நூல் ஈரமாகவே தொங்கியது. மழையோ விடவில்லை.

"தை பொறக்கற வரிக்கும் மாத்திரைய நிறுத்தி வையேம்மா. இப்பதான் நல்லா இருக்கியே" என்றார் ஜெயம்மாள். வீராசாமி அதைக் கேட்டுக்கொண்டேதான் அடுத்த நூலை மூங்கிலில் மாட்டினார். தேவகி மாத்திரைகளைக் கடுகு டப்பாவில் போட்டு மூடினாள். அந்தோணி விசாரித்தபோது, "போட்டுக்கினுதான் இருக்கேன் சார்" என்றாள். காய்ச்சல் முன்னைவிட நன்றாக ஏறியது. வளையல் முழங்கைவரை போய்வரும் அளவுக்கு இளைத்தாள். சளியில் ரத்தம் வந்தபோது சத்தமில்லாமல் கழுவிவிட்டாள். சொன்னால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்று பயம்.

மார்கழியில் ஒரு மாலை, நூலைத் திருப்பிக்கொண்டிருந்த ஜெயம்மாள் விடாமல் இருமினார். வாயிலிருந்து எடுத்த முந்தானை சிவந்திருந்தது. சாயம் ஒட்டியிருக்கும் என்றார். தேவகிக்குத் தெரியும். சுவரைப் பிடித்து எழுந்து, மூங்கில்களிலிருந்து நூலையெல்லாம் உருவிப் போட்டாள்.

"ஏன் எடுக்கற? இன்னும் ஈரம் இருக்குதே" என்று ஓடிவந்தார் வீராசாமி.

"அத்தைக்கும் வந்துடுச்சு. என்கிட்டருந்துதான். போயி அந்தோணி சாரைக் கூட்டிக்கினு வாங்க. நான் மாத்திரை போடலன்னும் சொல்லிடுங்க."

சாக்கைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். உள்ளிருந்த சூடு வெளியே போனதில் தெருவில் பெய்த மழை தரையில் விழாமல் சற்று நேரம் ஆவியாகவே நின்றது. வீராசாமி அந்த ஆவிக்குள் புகுந்து சைக்கிளை மிதித்துப் போனார்.

"நடுவுல விட்டா அது மருந்துக்கு அடங்காதும்மா" என்றார் அந்தோணி. திட்டவில்லை. தேவகிக்கு மாத்திரையோடு தினமும் ஊசியும் போடவேண்டியிருந்தது. சர்க்கரை வியாதி இருந்ததால் ஜெயம்மாளுக்கும் குணமாக நாளானது. ஆனால் அவருடைய காய்ச்சலில் ஒரு கைக்குட்டைகூடக் காயவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மருமகள் மாத்திரையை விழுங்கும்வரை அவர் சோற்றில் கை வைப்பதில்லை.

மறுவருஷம் ஐப்பசியில் மழை பிடித்ததும் சாயக்காரர்கள் பழக்கத்தில் ஈர நூலோடு வாசலில் வந்து நின்றார்கள். ஜெயம்மாள் தேவகியை அழைத்து முன்னால் நிறுத்தினார். "தொட்டுப் பாருங்கபா" என்றார். ஒவ்வொருவராக நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். சில்லென்று இருந்தது. "ஆமா, ஆறிடுச்சு" என்று சொல்லி நூலைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். அந்த வருஷம் பட்டு கரி அடுப்பில் காய்ந்தது. அங்கங்கே திட்டு விழுந்தது. தெருவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

எல்லோரும் போனபிறகு தேவகி உள் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். மூங்கில்கள் வெறுமையாக இருந்தன. திறந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. ஜெயம்மாள் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டார்.

"அந்த மாகறல்காரி கதைய எங்க விட்டேன்?" என்று கேட்டார்.