நூற்று ஐம்பத்தைந்து வயது ராக்காயி

மஸ்கெலியாவுக்கு மேலே, இருபது பேர்ச் காணியில் ஒரு வீடும் இரண்டு மாடும் ஒரு லீக்ஸ் பாத்தியுமாக இருந்த பூரணிக்குக் காணிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. ராக்காயியின் வாரிசு என்று ஒரு மாதத்துக்குள் நிரூபிக்காவிட்டால் காணி அரசாங்கத்துக்குப் போய்விடுமாம்.

1893இல் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் மரண சாசனத்தில் எழுதிக் கொடுத்த காணி அது. காய்ச்சலில் கிடந்தவருக்கு நாற்பது நாள் மிளகு ரசம் ஊற்றிக் காப்பாற்றியவள் ராக்காயி. அப்போது அவளுக்கு வயது இருபத்து நான்கு. ரசத்தின் உறைப்பில் காய்ச்சலோடு துரையின் தலைமுடியும் போய்விட்டதாகச் சொல்வார்கள். ஆனாலும் மனிதர் நன்றி மறக்கவில்லை.

ராக்காயி தன் பாட்டனுக்குப் பாட்டி என்பதில் பூரணிக்குச் சந்தேகமே இல்லை. ஊருக்கும் இல்லை. ஆனால் ஊரைச் சுருட்டிக் கந்தோரில் கொடுக்க முடியாதே.

ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை பொன்னையாவின் கட்டிலுக்கடியில் பழைய செக்ரோல் புத்தகங்கள் இருந்தன. தினமும் யார் வேலைக்கு வந்தார்கள் என்று எழுதியவை. கடலைக்காரன் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தார். மூன்று நாள் இருவரும் புரட்டினார்கள். புரட்டப் புரட்டப் பூரணிக்குத் தலை சுற்றியது.

ராக்காயி 1931இல், அறுபத்திரண்டாவது வயதில், இரட்டைப் பிள்ளை பெற்றிருந்தாள். தொண்ணூற்றொரு வயதில் மறுபடியும் பிரசவ லீவு எடுத்திருந்தாள். 1972இல் இந்தியாவுக்குக் கப்பலேறினாள். மறுவாரமே இங்கே பதினாறு றாத்தல் கொழுந்து பறித்திருந்தாள்.

"ஏங்கய்யா, இது பொம்பளையா இல்ல பேயா?"

"பேய்க்கு ஏதும்மா பிரசவ லீவு?" என்றார் பொன்னையா. "ஒருத்தி செத்தாலோ போனாலோ அவ பேரையும் நம்பரையும் அடுத்து வாறவளுக்குக் குடுத்துருவாங்க. புதுசா பதிய ஆயிரம் எழுத்து வேலை. அதனால ஆள்தான் மாறும், ராக்காயி மாறமாட்டா."

"அப்ப நான் எந்த ராக்காயியோட பேத்தி?"

பொன்னையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொத்தம் நாப்பத்தொரு புள்ள. எல்லாத்துக்கும் ஒரே தாய். எப்படிம்மா பிரிக்கிறது?"

புத்தகங்களைச் சாக்கில் கட்டிக் கந்தோருக்குக் கொண்டுபோனாள். காணி அதிகாரி நிரோஷன் மத்தியானம்வரை பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"செத்ததுக்குச் சான்றிதழ் இல்லீங்களேம்மா. இதுபடி ராக்காயி உசுரோட இருக்காங்க. உசுரோட இருக்கவங்களுக்கு வாரிசு கெடையாது. காணி அவங்களோடதுதான். வியாழக்கிழமை வந்து ஆளைப் பாத்துட்டு எழுதிடுறேன். ஆள் இல்லைன்னா, காணிய எடுத்துருவாங்க."

இப்போது ராக்காயி என்ற பெயரில் மலையேறிக் கொழுந்து பறிக்கிறவள் பக்கத்து லயத்து மீனம்மா. ராகலையிலிருந்து மருமகளாக வந்தவள். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"என்னையக் காட்டுக்கா. காணி எனக்கு ஆயிரும், அவ்வளவுதானே? ஒன்னைய நான் வெரட்டுவேனா? மாட்டுப்பட்டியில ஒரு மூலை தாறேன்."

"நீ ஒண்ணும் வரவேணாம். ஒழுங்கா போயி கொழுந்து பறி" என்று கதவைச் சாத்தினாள் பூரணி. அன்றிலிருந்து யோசித்தாள். ராக்காயியைக் காட்டினால் வீடு மீனம்மாவுக்கு. காட்டாவிட்டால் அரசாங்கத்துக்கு. இரண்டு பக்கமும் வீடு போகிறதே தவிர, நிற்கிற வழி தெரியவில்லை.

வியாழக்கிழமை நல்ல மழை. நிரோஷன் குடையை வாசலில் மடக்கினார்.

"ராக்காயி எங்கம்மா?"

பூரணியின் வாயிலிருந்து அவளையறியாமலே, "மலைக்குப் போயிருக்கு சார்" என்று வந்தது.

"நூத்தி அம்பத்தஞ்சு வயசுலயா?"

"சொன்னா கேட்டாத்தானே."

நிரோஷன் தோட்டக் கந்தோருக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்துக் கிளாக்கர் சத்தமாகவே பேசினார்: "ராக்காயியா? காலையிலேயே பெரட்டுக்கு வந்து பேர் குடுத்தாச்சுங்க. ஏழாம் நம்பர் மலையில நிக்குது. நேத்துப் பதினெட்டு கிலோ."

நிரோஷன் ஏழாம் நம்பர் மலையை அண்ணாந்து பார்த்தார். மேலே பனிமூட்டம், வழியெல்லாம் அட்டைப்பூச்சி. தன் சப்பாத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார்: 'உரிமையாளர் உயிருடன் உள்ளார். திடகாத்திரம். வேலையில் இருந்தமையால் நேரில் காண இயலவில்லை. வீட்டாரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.'

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தவருக்கு மனசு கேட்கவில்லை.

"இருந்தாலும் அவங்களைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லுங்கம்மா."

"சொல்லிப் பாத்துட்டேன் சார்" என்றாள் பூரணி. "வேலைய விட்டா செத்துப் போயிருவேங்குது."